போட்டி வந்தாதான்

வெளிநாட்டுச் செருப்புக்கு வரி போடச் சொல்லி ஊரெல்லாம் தொண்டை கிழியக் கத்துபவர் என் வீட்டுக்காரர். செருப்புப் பட்டறை முதலாளி. அரசாங்கத்தின் கல்விச் சீட்டுத் திட்டம் வந்த அன்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பொண்ண எந்த ஸ்கூல்ல சேத்தாலும் அரசாங்கமே ஃபீஸ் கட்டுதாம்! போட்டி வந்தாதான் உங்க ஸ்கூல் உருப்படும்!"

உள்ளூர்ப் பள்ளி டீச்சரான நான் நேரே கடைக்குப் போய், மினுமினுக்கும் வெளிநாட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, கூடத்தில் ஒரு சுற்று ஆடினேன்.

"என்னடி இது?"

"போட்டிங்க. உங்க பட்டறையும் உருப்படட்டுமே!"

என் காலையே உற்றுப் பார்த்தவர், குபீரென்று சிரித்துவிட்டார். அங்கேயே உடன்பாடு ஆயிற்று: மகளுக்கு என் பள்ளி, வீட்டில் எல்லோருக்கும் அவர் செருப்பு.

மகள் இடுப்பில் கை வைத்தாள். "அப்பா செருப்பு கடிக்குது, அம்மா பாடம் அறுக்குது. என்னை யாரு காப்பாத்துவா?"