இதயத்துக்கு நேரான கட்டம்

குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் கலோலைனும் கருவியைக் கர்ப்பிணி ஹீங்கானோவின் வயிற்றில் எல்லாப் பக்கமும் நகர்த்திப் பார்த்துவிட்டாள். தலை, கை கால், முதுகெலும்பு எல்லாம் கிடைத்தன. இதயம் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

"முடிஞ்சுதா இல்லையா? ரெண்டு மணிக்கு எங்க தீவுக்குப் படகு!" என்றாள் லுபே. அவள் ஹீங்கானோவின் புருஷனுக்கு அக்கா. பிறக்கப்போகும் பிள்ளைக்கு அத்தை. டோங்காவில் அத்தை சொல்லுக்கு மறுசொல் கிடையாது. பெயர் வைப்பதும் அவள்தான். இந்தச் சனிக்கிழமைப் படகை விட்டால் அடுத்தது திங்கள்தான்.

"இதயம் தெரியலம்மா. கொஞ்சம் சாப்பிட்டு நடந்துட்டு வரட்டும். நாலு மணிக்கு மறுபடி பார்க்கிறேன்."

"நாளைக்கு சர்ச்சுல பாட்டுக்குழு என்னை நம்பி நிக்குது. இதயம் எங்க ஓடிடப் போகுது? படிவத்துல ஒரு டிக் போட்டுட்டு விடும்மா!"



அப்படிப் பார்க்காமலே டிக் போட்டவள்தான் கலோலைன். படகு டிக் என்று அதற்குப் பெயரே உண்டு, சிரித்துக்கொண்டே போடுவார்கள். போன வருடம் அவள் போட்ட ஒரு டிக்கை நம்பித் தீவிலேயே பிறந்த பிள்ளை, நீலம் பாரித்து இரண்டாம் நாள் பெயரில்லாமலே போய்விட்டது. பெயர் வைக்கவேண்டிய அத்தை திங்கட்கிழமைப் படகில்தான் வந்து சேர்ந்தாள். அதன்பிறகு கலோலைனுக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை.

அத்தையை எதிர்த்துப் பேச அவளுக்கும் பயம்தான். படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

"பிள்ளை மேல உங்களுக்குத்தான் உரிமை. இதயத்தைப் பார்த்தேன்னு நீங்களே டிக் போடுங்க. நான் போட மாட்டேன்."

லுபே வெடுக்கென்று பேனாவை வாங்கினாள். கட்டத்துக்கு மேலே கை நின்றுவிட்டது.

"நான் பார்க்கலையே" என்றாள்.

"நானும்தாம்மா."

துறைமுகத்தில் படகு ஊதியபோது, லுபே படகையும் கலோலைனையும் சேர்த்துத் திட்டியபடி ஹீங்கானோவை வராந்தாவில் நடத்திக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்குப் பிள்ளை புரண்டிருந்தது. இதயம் தெளிவாகத் தெரிந்தது. அதிலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கவேண்டும். இங்கே பக்கம் பக்கமாக ஓடின. கலோலைன் மூன்று முறை பார்த்தாள்.

"குழாய் ரெண்டும் இடம் மாறியிருக்கு போல. டாக்டர் பார்த்து உறுதி பண்ணணும். ஆனா தீவுல பிறக்கக் கூடாதும்மா. கடல் தாண்டி ஆக்லாந்துல பெரிய ஆஸ்பத்திரியில பிறந்தா உடனே ஆபரேஷன் பண்ணலாம். பெரும்பாலும் பிழைச்சுக்கும்."

ஹீங்கானோ விசும்பினாள். லுபே அழவில்லை. இப்போது தானும் பார்த்த இதயத்துக்கு நேரான கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டாள். பிறகு படிவத்தில் பிள்ளையின் பெயருக்கு இடம் தேடினாள். இல்லை. ஓரத்தில் எழுதத் தொடங்கினாள்.

"பிறந்தப்புறம்தானேம்மா பேர் வைக்கிறது வழக்கம்?" என்றாள் கலோலைன்.

"வழக்கம்தான். அதுக்காக அவ்வளவு தூரம் பேரில்லாமலா அனுப்புவேன்?"