டாக்டர் ஹாக்ஸ்டாட்டின் இடது பக்கம்

வெர்லின் ஹாக்ஸ்டாட் முப்பது வருடம் டுலூத் நகரத்துப் பிள்ளைகளின் கோணல் பற்களுக்குக் கம்பி கட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் 'டாக்டர்' என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். நான் வேலை பார்க்கும் ஆடியோ கடைக்கு அவர் வந்தால், ரிப்பேர் மேசைக்குப் பின்னால் குனிந்துகொள்வது என் வழக்கம்.

அந்த மார்ச் மாதம் குனிய நேரம் கிடைக்கவில்லை. பனிச்சேறு படிந்த பூட்ஸோடு நேராக என் மேசைக்கே வந்து, நாங்கள் விற்ற ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் குப்பை என்றார். இடது பக்கம் செத்துக் கிடக்கிறதாம். நடுவில் நின்று பாட வேண்டிய பாடகி வலது சுவரோரம் போய் ஒட்டிக்கொள்கிறாளாம். ஒரே பெட்டிக்குள் இரண்டு பக்கத்தையும் அடைத்தால் இந்தக் கதிதான், பக்கத்துக்கு ஒரு பெட்டியாக மோனோபிளாக் ஜோடி வேண்டும் என்றார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மனிதர் இதே இடத்தில் நின்று, மோனோபிளாக் வாங்குகிறவன் எல்லாம் கண்ணால் பாட்டுக் கேட்கிறவன் என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தார். அதை அவர் மறந்திருந்தார். அப்படிப்பட்டவர்களுக்கு மறதி ஒரு வசதி.

பழையதைக் கொண்டுவாருங்கள், சோதித்துவிடலாம் என்றேன். குறைந்தபட்சம் வயர்களை இடம் மாற்றிப் போட்டாவது பாருங்கள் என்றேன்.

"காதை வச்சு முடிவு பண்றவன் நான். மீட்டரை வச்சு இல்ல. நீ திருகாணிய முடுக்கு தம்பி, இசையை நான் பாத்துக்கறேன்."

ஐம்பத்திரண்டு வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். பதில் சொல்ல வாயெடுத்தேன். முதலாளி டெல்மர் கல்லாவிலிருந்து ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். ஏரிக்கரை மேட்டில் இருக்கும் அவர் வீட்டுப் பேஸ்மென்ட்டுக்கு, பூட்ஸை வாசலிலேயே கழற்றச் சொன்னதால் வெறுங்காலோடு இரண்டையும் நானே இறக்கினேன். அவர் படியின் மேல் நின்று, சுவரில் இடிக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கருக்கு ஒன்றாகப் பக்கத்தில் வைத்து இணைத்தேன். டாக்டர் தன் தோல் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இசைத்தட்டைப் போடச் சொன்னார். ஒரு நிமிடம்தான். முகம் சுருங்கியது.

இடது பக்கப் பெட்டி பழுது என்றார். பெட்டிகளை இடம் மாற்றினேன். அப்போதும் இடதுதான் மந்தம். ஸ்பீக்கர்களை மாற்றினேன். இசைத்தட்டு ஓட்டியிலிருந்து வரும் வயர்களை மாற்றினேன். எதை மாற்றினாலும் மந்தம் இடத்தைவிட்டு நகரவில்லை. என் கை ராசி சரியில்லை என்றார். பிறகு அந்தத் தெருவுக்கே கரன்ட் அழுக்காக வருகிறது என்றார். எனக்கோ இரண்டு பக்கமும் ஒரே அளவில் கேட்டது. பாடகி நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உண்மையைச் சொல்கிறேன், மனதுக்குள் ஒரு அற்ப சந்தோஷம்.

"டாக்டர், நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காருங்க. ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி."

"எதுக்கு?"

"சும்மா ஒரு தடவை."

முணுமுணுத்துக்கொண்டே திரும்பி உட்கார்ந்தார். இப்போ எந்த ஸ்பீக்கர் மந்தம் என்று கேட்டேன். கையைத் தூக்கிக் காட்டினார். அதுவரை நன்றாக இருந்த ஸ்பீக்கரைக் காட்டியது அந்தக் கை. காட்டியபடியே அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல மடியில் இறங்கியது.

அவர் மனைவி கோரின் காப்பித் தட்டோடு கடைசிப் படியில் நின்றிருந்தாள். அவள் பள்ளிக்கூட நர்ஸாக இருந்தவள். தட்டைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"சாப்பாட்டு மேஜையில நான் உனக்கு இடது பக்கம்தானே உக்கார்றேன் வெர்லின்? நவம்பர்ல இருந்து நான் கேட்டதுக்கு நீ ஒண்ணுக்கும் பதில் சொல்லல. நீ வேணும்னே பேசாம இருக்கேன்னு நெனச்சேன்."

இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பான். டாக்டர் நாற்காலியை முன்பக்கம் திருப்பிப் போட்டார்.

"சில நாள் வேணும்னேதான்," என்றார்.

கோரின் எனக்கு மட்டும் காப்பி கொடுத்துவிட்டுத் தட்டோடு மேலே போனாள். அவ்வளவு சீக்கிரம் சுடச்சுட ஒரு காப்பியை நான் குடித்ததே இல்லை.

அடுத்த வாரம் அவளே கடைக்குப் போன் செய்தாள். மருத்துவமனையில் அவர் இடது காதிலிருந்து அவரைக்காய் விதை அளவுக்குக் குரும்பியை எடுத்தார்களாம். பத்து நிமிட வேலை. பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டாள். எடுத்துக்கொள்வோம், அவர் வாயால் சொல்லட்டும் என்றேன். அவர் சொல்லவில்லை.

ஏப்ரலில் லூத்தரன் தேவாலயத்துக் கீழறையில் ஆடியோ சங்கக் கூட்டம். டாக்டர் எழுந்து முக்கால் மணி நேரம் பேசினார். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் எப்படி ஒரு பக்கத்தைப் பட்டினி போடுகிறது, மோனோபிளாக் வந்த சில நாட்களிலேயே தன் வீட்டு இடது பக்கம் எப்படி மலர்ந்தது என்று பேசினார். ஆரம்பத்தில் மந்தமாகத்தான் இருக்கும், பெட்டிகள் பழகுவதற்கு ஒரு வாரம் பொறுக்க வேண்டும், பொறுமையில்லாத கடைக்காரன் பேச்சைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள் என்றார். காதைப் பற்றி மூச்சில்லை. அத்தனை வழுக்கைத் தலைகளும் பக்தியோடு ஆடின. கோரின் வரவில்லை. ஃபார்கோவில் தங்கை வீட்டில் இருக்கிறாள், எப்போது வருவாள் என்று தெரியாது என்று அவரே யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. சொன்ன குரலில் ஒரு வருத்தமும் இல்லை.

நான் பின்வரிசையில் இருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்தில் டெல்மர் ஆர்டர் புத்தகத்தைத் தொடையில் விரித்து வைத்திருந்தார். டாக்டர் மேடையிலிருந்து, "என்ன தம்பி, நீயே கூட இருந்து பாத்தியே, சரிதானே?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பினார்கள்.

சரிதான் டாக்டர் என்றேன்.

அந்த மாதம் மூன்று ஜோடி விற்றோம்.