ரோமிலிருந்து வராத சம்மதம்

கடல் தாண்டிப் போருக்குப் போன எங்கள் இளம் ராஜா இறந்துபோனார் என்ற செய்தி வந்தபோது, அவருடைய சின்னத் தாத்தா கர்தினால் தெயோதோசியு வீங்கிய கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊற்றிக்கொண்டிருந்தவள் நான். என் அம்மாதான் எனக்கும் கர்தினாலுக்கும் பால் கொடுத்தவள். அவரைவிட நான் சில மாதம் மூத்தவள். என் கணவர் இறந்த பிறகு கர்தினாலின் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்து அப்படியே தங்கிவிட்டேன்.

அரசவையில் மூத்தவரான மார்த்திம் பிரபு ஓடிவந்து ஈரத் தரையிலேயே மண்டியிட்டு, "மகாராஜா!" என்றார். கர்தினால் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

எங்கள் வல்மோரா நாட்டின் அரச வம்சத்தில் மிஞ்சியது அவர் ஒருவர்தான். அவருக்கும் பிள்ளை இல்லையென்றால், ஏதோ தூரத்து உறவைச் சொல்லிக்கொண்டு கிழக்கு நாட்டு ராஜா படையோடு வந்துவிடுவார். அதனால் முடிசூட்டிய கையோடு பிரபுக்களின் சபை கூடியது. கல்யாணம் செய்வதில்லை என்ற குருத்துவ வாக்கிலிருந்து பாப்பரசரிடம் விடுதலை வாங்கிக்கொண்டு அவர் கல்யாணம் செய்தாக வேண்டும் என்றது.

அறுபத்தாறு வயது. சந்தையில் மீன்காரிகள், "தாத்தா தொட்டிலுக்கு மரம் பாக்கறாராமே!" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவர் முதலில் எரிந்து விழுந்தார். "பூசை வைக்கற கைடி இது! இந்த வயசுல மாப்பிள்ளை வேஷமா?" என்று என்னிடம் கத்தினார். ஆனாலும் நாட்டுக்காக என்று ரோமுக்குத் தூது அனுப்பச் சம்மதித்தார்.

பிறகு ஒரு மத்தியானம், நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டார்.

"கியோமார், குழந்தை தூங்கிட்டா கனம் கூடுமாமே, நிஜமா?"

"ஆமா. கை மரத்துப்போகும். ஏன், ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்திருக்கியே, உனக்குத் தெரியாதா?"

"அதெல்லாம் அழுதுக்கிட்டே வரும். தண்ணி ஊத்தினதும் வாங்கிக்கிட்டுப் போயிடுவாங்க. என் கையில ஒண்ணுகூடத் தூங்கினதில்ல."

அதற்குப் பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

வடக்கேயிருந்து பிரிதேஸ் என்ற இளம் விதவையைப் பெண்ணாகப் பேசி அரண்மனையில் கொண்டுவந்து வைத்தார்கள். ஆரஞ்சுத் தோட்டத்தில் இருவரும் சந்தித்தார்கள். துணைக்கு நான்.

"உனக்கு இஷ்டமாம்மா, இல்ல வீட்டுல கட்டாயமா?" என்றார் அவர்.

"கட்டாயம்தான், சாமி. வழியெல்லாம் அழுதுக்கிட்டேதான் வந்தேன்." அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பாத்தப்புறம் பயம் கொஞ்சம் போயிடுச்சு."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சின்ன வயதில் பார்த்தது.

"பையன்தான் வேணும்பாங்க இல்ல?" என்று அவள் கேட்டாள்.

"சபைக்குப் பையன் வேணும். எனக்குப் பொண்ணு போதும். பின்னாலேயே ஓடிவந்து அங்கியைப் பிடிச்சு இழுக்கணும்."

அதன்பின் அவர் வைனைத் தொடவில்லை. வைத்தியர் கொடுத்த கசப்பையெல்லாம் குடித்தார். வலிக்கிற காலோடு தினமும் தோட்டத்தைச் சுற்றினார். ரோமிலிருந்து வரும் சாலை தெரிகிற இடத்தில் மட்டும் ரொம்ப நேரம் நிற்பார். பயறு விதைத்தார்கள், அறுத்தார்கள். கொடியில் திராட்சை கறுத்தது. பதில் வரவில்லை.

கடைசியில் தூதர் வந்தார். பாப்பரசர் முடியாது என்று சொல்லவில்லை. முடியும் என்றும் சொல்லவில்லை. ஆலோசிக்க வேண்டும் என்றாராம். கிழக்கு ராஜாவின் ஆட்கள் அங்கே வாசலிலேயே கிடக்கிறார்கள் என்று தூதர் முணுமுணுத்தார்.

"நான் சாகற வரைக்கும் ஆலோசிப்பாங்க," என்றார் ராஜா.

மறுநாள் பிரிதேஸை அழைத்தார். "உன் வயசை என் வாசல்ல வீணாக்காதேம்மா. மனசுல யாராவது இருந்தா சொல்லு."

அவள் தலைகுனிந்தாள். வடக்கேயிருந்து அவளுக்குக் காவலாக வந்த நூனோ என்ற படைத்தலைவனின் பெயரைச் சொன்னாள். "உங்களை மதிக்காம இல்ல, சாமி," என்று அழுதாள்.

"தெரியும். நானே பூசை வைக்கறேன்."

மார்த்திம் பிரபு தலையில் அடித்துக்கொண்டார். "அப்ப ராஜ்யம்?"

"கடவுள்கிட்ட வேற வழி இருந்தா காட்டட்டும். இந்தப் பொண்ணைப் பணயம் வைக்க மாட்டேன்."

அரண்மனைக் கோயிலில் கல்யாணம் நடந்தது. கிரீடத்தைக் கழற்றிவைத்துவிட்டு வெறும் குருவானவராகப் பீடத்தில் நின்றார். பிரிதேஸின் கையையும் நூனோவின் கையையும் சேர்த்துவைத்தார். குரல் உறுதியாகத்தான் இருந்தது. 'உங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளைக் காண்பீர்களாக' என்ற இடத்தில் நின்றுவிட்டது. கோயிலே காத்திருந்தது. பிரிதேஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அந்த வரியை முதலிலிருந்து சொல்லி முடித்தார்.

குளிர்காலத்தில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க வந்த குருவானவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நாட்டுக்காகக் கேக்கறேன்னுதான் ரோமுக்குச் சொன்னேன்," என்றார். "நாட்டுக்காக இல்ல, கியோமார்."

"தெரியும்டா."

"ரொம்ப ஆசைப்பட்டுட்டேன்."

"அதுல என்ன பாவம்?" என்று கேட்டு அவர் கால்களைப் பிடித்துவிட்டேன். அன்று மாலை அவர் போய்விட்டார்.

கிழக்கு ராஜாவின் படை ஒரு வாள்கூட உருவாமல் உள்ளே வந்தது. நான் என் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். சந்தையில் இன்றும் பேசுகிறார்கள், ஒரு வாரிசுக்கு வழி செய்யத் தெரியாமல் நாட்டைத் தொலைத்த கிழட்டுச் சாமியார் என்று. நான் வாதாடுவதில்லை. மத்தி மீனைக் கூடையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறேன்.