வில்வமென்று சொன்ன கன்றுகள்

கன்றின் பட்டையில் குறுக்கே ஒரு கீறல், அதன் நடுவிலிருந்து கீழே ஒரு கீறல். கத்தி முனையால் நெம்பியதும் பட்டை விலகிக் கொடுத்தது. நிசாந்தினி இனிப்பு ஆரஞ்சுத் தோடங்கொப்பிலிருந்து சீவியெடுத்த துளிர்க்கண்ணை அதற்குள் இறக்கி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றினாள். மனுரேவா வாடகை வீட்டின் பின்வளவில் பெப்ரவரிக் கோடை வெயில் முதுகைச் சுட்டது. முழங்கால் விண்ணென்று வலிக்க, அடுத்த கன்றுக்கு நகர்ந்தாள்.

நேர்சரியில் அவளுக்குச் சட்டிகளுக்கு மண் நிரப்பும் வேலை. குளிர் தொடங்கினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போன குளிருக்கு அப்படி நின்ற நேரம் பார்த்து, ஈஸ்ட் டாமாக்கி ஃபக்டரியில் கணவன் தவராசாவுக்கும் வேலை போயிற்று. அந்தக் குளிர் எப்படிக் கழிந்ததென்று அவளுக்கே தெரியாது. கன்றுகளில் கண் ஒட்டுகிறவர்களுக்கு மட்டும் வருஷம் முழுக்க வேலை. தன்னையும் அதில் சேர்க்கும்படி எப்போதோ வெட்கத்தை விட்டுக் கேட்டிருந்தாள். முதலாளிக்குத் தன் கன்றுகளைப் பழுதாக்க மனமில்லை. உன் கன்றில் ஒட்டிக் காட்டு, ஒட்டுப் பிடித்தால் அந்தக் குளிருக்கு முன் சேர்க்கிறேன் என்றார். பார்ப்போமே என்று, அங்கே விழுந்து கிடந்த காட்டுத் தோடம்பழங்களைப் பொறுக்கி வந்து விதை போட்டாள். வாயில் வைக்க முடியாத கசப்புப் பழம். ஆனால் மேலே நல்ல தோடை ஒட்டினால், அதன் வேர் குளிரையும் ஈரக் களிமண்ணையும் தாங்கும். இப்போது கன்றுகள் பென்சில் தடிப்புக்கு வந்துவிட்டன. காம்புக்கு மூன்று இலை, இடையிடையே நீட்டு முள்.

அந்த மூன்று இலைதான் அவளைக் காப்பாற்றியது. புல்தரையில் கைவைக்கக் கூடாதென்று வீட்டுக்காரர் கதிர்காமநாதன் குடிவந்த அன்றே சொல்லியிருந்தார். ஒருநாள் புல்லைக் கொத்திப் போட்டிருந்த பாத்தியைக் கண்ட அவர் மனைவி சரோஜாதேவியின் முகம் சுண்டிப்போனது. பிறகு குனிந்து இலையைப் பார்த்தார்.

"இது வில்வமெல்லே, பிள்ளை?"

எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வாயை முந்திக்கொண்டது.

"ஓம், அக்கா."

"அப்ப இருக்கட்டும். இதை ஆரும் பிடுங்குவினமே?"

பொய்யென்றால் அப்படியென்ன பெரிய பொய், ஒரு ஓம்தானே. அன்றிரவு தவராசாவிடம் சொல்லி இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தார்கள்.

கண் ஒட்டி ஒரு கிழமை இருக்கும். வேலையால் வந்து பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பாத்தியில் இலையே இல்லை. கொப்புகளும் வெட்டப்பட்டு, கன்றுகள் நட்டுவைத்த வெறும் குச்சிகளாக நின்றன. நாடாக்கள் எல்லாம் அவிழ்க்கப்பட்டு, அழகாகச் சுருட்டிப் படியில் வைக்கப்பட்டிருந்தன. விரல் பட்டதும் ஒட்டிய கண் ஒன்று வெயிலில் காய்ந்த செதிலாகக் கழன்று விழுந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கடைசிக் கன்று வரைக்கும் அப்படித்தான்.

வீட்டுக்கார அக்காவுக்குப் போன் எடுத்தாள். சரோஜாதேவிக்கு ஒரே சந்தோஷம். சிவராத்திரிப் பூசைக்கு ஊர் முழுக்கத் தேடியும் வில்வம் கிடைக்கவில்லையாம். திடீரென்று இவளுடைய கன்றுகள் நினைவுக்கு வந்ததாம்.

"சாமி மரத்துக்குப் பிளாஸ்டிக் சுத்தலாமே, பிள்ளை? மூச்சு முட்டுமெல்லே. நான்தான் எல்லாத்தையும் அவிட்டு விட்டனான். புண்ணியம் உமக்குத்தான்."

உண்மையைச் சொன்னால்? வில்வம் இல்லையென்றால் பாத்தியும் இல்லை. ஏமாற்றினவளுக்கு வீடும் இல்லாமல் போகலாம். இலையிழந்த கன்றுகளில் இனி அடுத்த கோடைக்குத்தான் மறுபடி ஒட்டலாம். அதற்குள் ஒரு முழுக் குளிர் கிடக்கிறது.

"ஓம், அக்கா," என்றாள்.

மவுண்ட் வெல்லிங்டனில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் பூசை. போகாவிட்டால் ஏன் வரவில்லையென்று கேட்பார்கள் என்பதற்காகப் போனாள். நிசாந்தினி வீட்டு வில்வம் என்று சரோஜாதேவி எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னார். ஐயர் லிங்கத்தின் மேலிருந்து அள்ளி ஆளுக்கொரு இலை கொடுத்தார். பக்கத்தில் நின்றவர்கள் செய்ததுபோல் அவளும் அதைக் கண்ணில் ஒற்றி, கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். பிரசாதத்துக்குக் கை நீட்டியபோது விரலெல்லாம் தோடை மணத்தது.