சொட்டை விழுந்த மாப்பிள்ளை

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கால் நீட்டி வசதியாக உட்காருங்கள். ஒரு முயலை நடுவில் வைத்து இரண்டு பெண்கள் மல்லுக்கட்டிய கதை சொல்கிறேன்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் வாழ்ந்த ஓரகத்திகள் அவர்கள். மூத்தவள் வீட்டிலேயே மெஷின் போட்டுத் திரைச்சீலை தைப்பவள். இளையவள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகிறவள். முயல் இளையவளுடையது. வேளாவேளைக்குத் தின்றுவிட்டு, ஒரு துரும்பையும் கிள்ளிப்போடாமல் முறைப்பாக உட்கார்ந்திருக்கும் என்பதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர்.

அந்த மாப்பிள்ளைக்கு முடி கொட்டத் தொடங்கியது. பிடரியில் பொட்டளவு தெரிந்த சொட்டை முதுகுக்கு இறங்கியது. தவிடு தூவியதுபோல வெள்ளைச் செதில். பின்னங்காலால் சொறிந்து சொறிந்து தோல் கன்றிப்போனது. இளையவள் கூண்டைக் கழுவினாள், வைக்கோலை மாற்றினாள். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து தூக்கினால், பிடரி ஈரமாக இருந்தது. ஏதோ வாசனை வேறு. அவளுக்குச் சுருக்கென்றது.

அன்று மூத்தவளே ஆரம்பித்தாள். "கறுப்புத் துணி பூரா முடி. ஜனங்க எங்கிட்ட திரைச்சீலை கேட்டாங்களா, கம்பளி கேட்டாங்களா? ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தச் சொட்டை மாப்பிள்ளை வெளியே போகணும். இல்லாட்டி நானே கொண்டுபோய் எங்கயாவது விட்டுட்டு வருவேன்."

"விடுவீங்க, விடுவீங்க. நீங்க எதையோ ஊத்தினதாலதான் அதுக்கு இந்தக் கதி."

"ஊத்தறதா இருந்தா உன் டம்ளர்ல ஊத்தியிருப்பேன்டி. முயலுக்கு எதுக்கு வீணாக்கணும்?"

இளையவளின் புருஷன் செய்தித்தாளைக் கண்ணுக்கு மேலே உயர்த்திக்கொண்டான். அந்த வீட்டு ஆண்களுக்கு அது ஒரு குடை.

இனி ஒரு நாள் தாமதித்தாலும் முயல் பிழைக்காது என்று இளையவளுக்குத் தோன்றிவிட்டது. மறுநாளே விடுப்புப் போட்டு, மாப்பிள்ளையைக் கூடையில் வைத்து மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வைத்தியர் அம்மா முடியை விலக்கிப் பார்த்தார். பிறகு முகர்ந்து பார்த்தார். "இதை யாரு பொடுகு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினது?"

"எங்க ஓரகத்தி! கொல்லப் பாக்குறான்னு நான் அப்பவே சொன்னேன், யாரும் கேக்கல."

"முயலைக் குளிப்பாட்டவே கூடாதும்மா. பயத்திலேயும் குளிரிலேயுமே போயிடும். ஆனா முடி கொட்டுறது அதனால இல்ல. இந்தச் செதிலைப் பாருங்க, நகருது. அடியில பூச்சி. கண்ணுக்குச் சரியா தெரியாது. நாய்க்குப் போடுற மருந்தைத் தப்பித்தவறியும் போட்டுடாதீங்க, இது தாங்காது. நான் தர்ற சொட்டு மருந்தைப் பிடரியில மட்டும் விடணும்." பிறகு அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கைக்கு உட்புறம் சிவப்புப் புள்ளிகள். "உங்களுக்கும் அரிக்குதா?"

"சோப்பு ஒத்துக்கலைன்னு நினைச்சேன்."

"சோப்பு இல்ல, அதே பூச்சிதான். முயலை யாரு நெஞ்சோட அணைச்சுத் தூக்குறாங்களோ, அவங்களுக்கு இந்த இடத்துலதான் வரும்."

வீடு திரும்பும்போது இளையவள் வழி முழுக்கச் சண்டையை ஒத்திகை பார்த்தாள். ஷாம்பு பாட்டிலை எடுத்து மெஷின் மேலேயே நங்கென்று வைக்க வேண்டும். கேட்கிற கேள்வியில் மூத்தவள் நாக்கு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

உள்ளே நுழைந்தால், அந்தப் புழுக்கத்திலும் மூத்தவள் முழுக்கைச் சட்டையோடு தைத்துக்கொண்டிருந்தாள். இடையில் மெஷினை நிறுத்தி, மர ஸ்கேலைச் சட்டைக்கைக்குள் விட்டுப் பரபரவென்று சொறிந்தாள்.

இளையவள் கூடையைக் கீழே வைத்தாள். "கையைக் காட்டுங்க."

"நீ என்ன போலீஸா?"

இளையவள் எட்டிச் சட்டைக்கையை மேலே தள்ளிவிட்டாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்புவரை ஒரே சிவப்பு. தனக்கு இருந்ததைவிட மூன்று பங்கு அதிகம்.

"இதை நீங்க தூக்கியிருக்கீங்க. தினமும்!"

"பின்னே? காலையில போனா பொழுது சாஞ்சு வர்றே. அது மெஷின் பெடல்கிட்டயே வந்து படுத்துக்குது. எட்டி உதைக்கச் சொல்றியா?"

"அதுக்காக ஷாம்புவா போடுவீங்க?"

"பொடுகுன்னு நினைச்சேன். என் வீட்டுக்காரர் தலைக்கு அது கேட்டுதே."

"அப்புறம் எதுக்குக் கொண்டுபோய் விட்டுடுவேன்னு மிரட்டினீங்க?"

"டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போன்னு நல்லபடியா சொன்னா கேக்குற ஜென்மமா நீ? விரட்டினாத்தான் உன் கால் கிளம்பும்."

இளையவளுக்கு ஆத்திரம் இறங்கவில்லை. தைத்து முடித்த திரைச்சீலை ஒன்றை உருவி மூத்தவள் மடியில் எறிந்தாள். "இதுல சுத்திப் பிடிங்க. மருந்து விடணும்."

"புதுத் துணிடி, பாவி!" என்றாள் மூத்தவள். என்றாலும் சுற்றினாள். நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். மாப்பிள்ளை திமிறவே இல்லை. அதைப் பார்த்ததும் இளையவளுக்கு வயிறு எரிந்தது.

"இறுக்காதீங்க, மூச்சு முட்டும்."

"நீ முதல்ல ஒழுங்கா விடு. துணியில சொட்டுது பாரு."

"இனிமே குளிப்பாட்டினா கையை உடைச்சிடுவேன்."

"உடைச்சுட்டு, பகல்ல யாரு பாத்துக்குவாங்க? உன் புருஷனா?"

மூலையில் அவன் பிடித்திருந்த செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. பிடரியில் மருந்து இறங்கியது. வைத்தியர் சொன்ன நாளில் அடுத்த சொட்டும் அப்படியே போனது. இரண்டு தடவையும் திட்டு, இரண்டு தடவையும் நான்கு கைகள். முடி மெல்ல முளைத்தது. அவர்கள் இன்றைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்ததில்லை.

உங்கள் வீட்டிலும் சண்டை இருக்கட்டும், கண்ணுகளா. ஆளில்லாத வீட்டில்தான் சண்டை இருக்காது. வாயில்லா உயிருக்கு ஒன்று என்றால் நீளுகிற கைகளும் இருக்கட்டும். வாசலுக்குள் வந்தது எதுவும் வாடாமல், உங்கள் குடும்பம் தழைக்கட்டும்.