வாசக்காலை ஒட்டிய கல்

என் வீட்டுக்காரர் செய்த கல்லில் விரிசல் விட்டுவிட்டது என்று கொளஞ்சிநாதன் வந்து சொன்னபோது எனக்கு முதலில் கவலை வரவில்லை. எந்தப் பக்கம், எவ்வளவு நீளம், நேராகவா கோணலாகவா என்று கேட்கத்தான் வாய் துறுதுறுத்தது. என் குணம் அப்படி. நன்றாக ஓடுகிற கடிகாரத்தைக்கூடப் பின்பக்கம் கழற்றிப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. ஆனால் வீட்டுக்காரர் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் பெயர் வேலுமணி. மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வேலைக்காகக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. கொளஞ்சிநாதன் அதே ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு ஜோடியாக வேலை பார்ப்பவர். கம்மாபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். இரண்டாம் சுரங்கத்துக்கு நிலம் போனதால் அவருக்குக் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. இப்போது ஊரையும் காலி செய்ய வேண்டிய நேரம். மாற்றாகக் கிடைத்த மனையில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டில்தான் விரிசல்.

"வாசக்காலுக்குப் பக்கத்துல அண்ணே," என்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "மேலருந்து கீழ ஒரே கோடு. அமிர்தம் அதப் பாத்துட்டு அழுதுகினு இருக்குது. இந்த வூட்டுல கால் வைக்க மாட்டேன்னு சொல்லிடுச்சி. ஞாயித்துக்கெழம சுவத்த எறக்கிட்டு செங்கல்லுல கட்டிடலாம்னு மேஸ்திரியும் சொல்றாரு. நீங்க தப்பா நெனச்சிக்காதீங்க."

வீட்டுக்காரர் தப்பாக நினைக்கவில்லை. பின்பக்கம் போய், அங்கே அடுக்கி வைத்திருந்த கற்களின் முன்னால் நின்றுகொண்டார்.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிமெண்டு, மணல், கொஞ்சம் பவர் ஹவுஸ் சாம்பல், மூன்றையும் கலந்து அச்சில் இறுக்கிச் செய்கிற பிளாக் கல். நடுவில் இரண்டு பெரிய பொந்து, அடி மட்டும் மூடியிருக்கும். இதுவரை யார் வேண்டுமானாலும் செய்துவிடுவார்கள். இவருடைய சாமர்த்தியம் என்னவென்றால், கல்லின் மேல்பக்கம் ஒரு மேடு, அடிப்பக்கம் அதே அளவில் ஒரு பள்ளம். ஒரு தலைப்பில் நாக்கு, மறுதலைப்பில் அந்த நாக்கு நுழைய வாய். கல்லின்மேல் கல்லை வைத்தால் டிபன் கேரியர் அடுக்கு மாதிரி கச்சிதமாக உட்காரும். நடுவில் கலவையே வேண்டாம். மூலைப் பொந்துகளில் மட்டும் அடியைத் தட்டி எடுத்துவிட்டு, கம்பி விட்டு கான்கிரீட் ஊற்றினால் போதும்.

அச்சைப் பழைய இரும்புத் தகடு வாங்கி அவரே வெட்டி, வெல்டு வைத்துச் செய்தார். ஷிப்ட் முடிந்து வந்தால் குவார்ட்டர்ஸ் பின்பக்கம்தான் குடித்தனம். எங்கள் டவுன்ஷிப்பில் நாங்கள் குடியிருக்கும் வட்டாரத்துக்குப் பெயரே பிளாக் என்பதால், பிளாக்குக்குள் உட்கார்ந்து ஒருத்தர் பிளாக் செய்கிறார் என்று பால் பூத்தில்கூடக் கேலி செய்தார்கள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. முதல் தடவை முருங்கை மரத்தடியில் இடுப்பு உயரத்துக்குச் சுவர் அடுக்கிவிட்டு என்னைத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். நானும் விடாமல் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். தோள்தான் வலித்தது. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

எல்லாரும் வந்து தட்டிப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், போனார்கள். இதை நம்பி வீடு கட்ட முன்வந்தவர் கொளஞ்சிநாதன் ஒருத்தர்தான். அந்தச் சுவரும் இடிந்தால் இவர் இனி அச்சைத் தொட மாட்டார் என்று எனக்குத் தெரியும். தொடாமல் சும்மா இருக்கும் இவரை என்னால் சகித்துக்கொள்ள முடியாது என்பதும் தெரியும்.

அன்று இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

"ஏனுங்க, ஒரு கல்லுல மட்டுந்தானா, இல்ல எல்லாத்துலயுமா?" என்று கேட்டேன்.

"ஒரு கல்லானாலும் விரிசல் விரிசல்தான் புள்ள."

"எதனால விட்டுதுன்னு பாக்க வேண்டாமுங்களா?"

"கல்லுல சத்தில்ல. வேறென்ன இருக்குது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுவரைத் தள்ளச் சொல்லிச் சிரித்தவர், கல்லைக் கண்ணால் பார்க்காமலே தோற்றுப்போனதாகச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சைக்கிளை எடுத்தபோது, கூப்பிடாமலே பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

மனை, முந்திரித் தோப்பை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் இருந்தது. செம்மண்ணும், பிடுங்கிப் போட்ட வேர்க்கட்டையுமாகக் கிடந்தது. சுவர் ஆள் உயரத்தைத் தாண்டி எழும்பி நின்றது. மேஸ்திரி குஞ்சிதபாதம் கடப்பாரையோடு தயாராக இருந்தார். கொளஞ்சிநாதனின் மனைவி அமிர்தம் வீட்டுப் பக்கமே வராமல், தப்பிப் பிழைத்த ஒரு முந்திரி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். அழுது அழுது கண் இடுங்கியிருந்தது.

"நான் அன்னிக்கே சொன்னேங்க," என்று மேஸ்திரி ஆரம்பித்தார். "கலவை இல்லாம அடுக்கறது பொம்ம வைக்கத்தான் ஆவும். அதுலயும் சாம்பலக் கொழச்சி யாராவது வூடு கட்டுவாங்களா?"

"மைன்ஸுல வெடி வைக்கிறாங்கல்ல, அந்த அதிர்ச்சியா இருக்கும்," என்றார் கொளஞ்சிநாதன். நண்பரைக் காப்பாற்ற அவருக்குக் கிடைத்த காரணம் அது.

எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. சாம்பல் கெடுதி என்றால் எல்லாக் கல்லிலும் அதே சாம்பல்தானே இருக்கிறது? வெடி அதிர்ந்தால் அது ஒரே ஒரு கல்லைத் தேடிப் பிடித்தா வேலை காட்டும்? வாசக்காலுக்கு இடதுபக்கம், என் இடுப்பு உயரத்தில், அந்த ஒரு கல் மட்டும் நெடுக்காகப் பிளந்திருந்தது. அதன் மேலே இருந்த கல்லும் கீழே இருந்த கல்லும் புதுக்கருக்குக் கலையாமல் இருந்தன.

உள்ளங்கையை வைத்துத் தடவினேன். மற்ற கற்கள் பலகையாக இருந்தன. இது மட்டும் வயிறு தள்ளியிருந்தது.

"ஏனுங்க, இங்க வந்து கைய வையுங்க. பாரம் தாங்காத கல்லு நொறுங்கும். இது உப்பியிருக்குதே."

அவர் வேண்டாவெறுப்பாக வந்தார். கையை வைத்தார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "உள்ளிருந்து தள்ளியிருக்குது," என்றார் மெதுவாக. அவர் குரல் மாறியதை நான் கவனித்தேன்.

அப்போதுதான் எறும்பைப் பார்த்தேன். விரிசலின் அடியிலிருந்து ஒரு வரிசை இறங்கி வந்துகொண்டிருந்தது. சும்மா வரவில்லை, ஆளுக்கொரு சுமையோடு வந்தது. ஒரு எறும்பை வழிமறித்து அதன் சுமையை விரல்நுனியில் எடுத்துப் பார்த்தேன். எள். விரிசலில் மூக்கை வைத்தேன். ஊறப்போட்டு மறந்துபோன பயறு எப்படிப் புளித்து நாறும் என்று அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் தெரியும். அந்த வாடைதான் வந்தது.

"மேஸ்திரி, இந்தப் பொந்துல என்ன போட்டீங்க?"

"நான் ஒண்ணும் போடலீங்க." கொஞ்சம் யோசித்தார். "வாசக்கா வச்ச அன்னிக்கி, சோறு துன்னுட்டு வந்து பாத்தா நவதானியம் இருந்திச்சி. சாமி காரியம், நான் கை வைக்கல. மேல அடுத்த கல்ல வச்சிட்டேன்."

"எவ்வளவு இருந்துது?"

"மேலாப்புல தெரிஞ்சிச்சி. ஒரு பிடி இருக்கும்னு நெனச்சேன்."

"இத ஏன் இத்தன நாளா சொல்லல?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க கேக்கலீங்களே."

எல்லாரும் முந்திரி மரத்தடியைப் பார்த்தோம். அமிர்தம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்காரர் உளியும் சுத்தியலும் கேட்டார். அந்தக் கல்லை எடுத்தால் மேலே உள்ளதெல்லாம் இறங்கிவிடும் என்று மேஸ்திரி தடுத்தார்.

"எறங்குனா எறங்கட்டும். எப்படியும் இடிக்கத்தானே வந்திருக்கீங்க."

கல்லின் முன்முகத்தை மெல்லத் தட்டி உடைத்தார். முதல் சில்லு விழுந்ததுமே உள்ளிருந்து தானியம் பொலபொலவென்று கொட்டத் தொடங்கியது. ஒரு பிடியா அது? கல்லின் அடிவரைக்கும் அழுத்தி நிறைத்த தானியம். பயறு, மொச்சை, கொள்ளு, துவரை, உளுந்து, நெல் எல்லாம் ஊறிப் பருத்து, இடம் போதாமல் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு இருந்திருக்கின்றன. ஓரத்தில் இருந்தவை அழுகாமல் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருந்தன. அத்தனையும் கொட்டித் தீர்ந்தபின் கல்லின் மிச்சத்தையும் பெயர்த்து எடுத்தார். அந்த இடத்தில் சுவரின் வயிற்றில் ஒரு ஓட்டை இருந்தது. அதற்கு மேலே இருந்த கற்கள் அப்படியே நின்றன.

மேஸ்திரி மேற்கல்லில் கையை வைத்து அழுத்தினார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். எனக்கு அந்த வலி தெரியும்.

"இதென்னாங்க, நிக்கிதே," என்றார்.

"நாக்கும் வாயும் எதுக்கு வச்சிருக்குது? பக்கத்துக் கல்லு புடிச்சுக்கும்," என்றார் வீட்டுக்காரர். உடனே அடுத்த சந்தேகம் அவருக்கு. "மழையே இல்லையே, உள்ள தண்ணி எப்படிப் போச்சு?"

"நாந்தான் காலையும் சாயங்காலமும் ஊத்திகினு வந்தேன்," என்றார் மேஸ்திரி.

"கலவையே இல்லாத சுவத்துக்கு எதுக்குங்க தண்ணி? வேண்டாம்னு சொன்னேனே."

"சொன்னீங்க. ஆனா சுவத்த எழுப்பிட்டு தண்ணி காட்டாம வூட்டுக்குப் போனா எனக்குத் தூக்கம் வரலீங்க," என்றார். அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. செங்கல்லும் கலவையுமாகவே கட்டிப் பழகிய கை, சொன்னால் கேட்குமா? கலவை இல்லாத இடுக்கு வழியாக அந்தத் தண்ணீர் நேராகப் பொந்துக்குள் போயிருக்கிறது.

வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா கொளஞ்சி, கல்லு மேல குத்தமே இல்ல. உள்ள இத்தன தானியம் ஊறுனா எந்தக் கல்லுதான் தாங்கும்? ஒரு கல்லே போயும் சுவரு நிக்குது பாரு," என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கும் பெருமைதான். கண்டுபிடித்தது நானல்லவா.

அமிர்தம் பக்கத்தில் வந்து நின்றதை அப்புறம்தான் கவனித்தேன்.

"ஒரு பிடிதானே போடுவாங்க அமிர்தம்?" என்று கேட்டேன்.

"அது வாசக்காலடி குழிக்கிக்கா. இது எம்மாம் பெரிய பொந்து. வாசப் பக்கத்துல வெறும் பொந்த வுட்டா வூடும் வெறுமையா பூடும். அரகொறயா வைக்கக் கூடாது, வச்சா நெறஞ்சி இருக்கணும். மரக்காலுல அளந்து வைக்கறப்ப தலையத் தட்டிக் கொறைப்பமா? அதான் அவங்க சாப்புடப் போன நேரம் பாத்து நெறையக் கொட்டினேன்."

"அத்தன தானியம் ஏது?"

அவள் கீழே கொட்டிக் கிடந்ததைப் பார்த்தாள். "வெதைக்கு வச்சிருந்ததுக்கா. எங்க கொல்லையில வெளஞ்சது. இந்த வருசம் எங்க போயி வெதைக்க? கொல்லைக்குள்ளதான் சொரங்கத்து மிசின் எறங்கிடுச்சே. ஆக்கித் துன்னவும் மனசு வரல. வித்துப்போடவும் மனசு வரல."

கொளஞ்சிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மிசின் பழுதானால் போய்ச் சரிசெய்கிறவர்கள் அவரும் என் வீட்டுக்காரரும்தான். திருடனைப் பிடிக்கிற உற்சாகத்தோடு அந்த எறும்பின் பின்னால் போயிருந்தேன். போய்ச் சேர்ந்த இடம் இதுவா என்று இருந்தது.

"அதனால கல்லுக்கு ஒண்ணும்..." என்று வீட்டுக்காரர் மறுபடி ஆரம்பித்தார்.

"சித்த சும்மா இருங்க," என்றேன்.

அவரும் புரிந்துகொண்டார். "வெறுமையா இருக்கக் கூடாது, அவ்வளவுதானே அம்மிணி? புதுக் கல்லு வச்சு, அந்தப் பொந்து பூரா கான்கிரீட் போட்டு நெறச்சுத் தர்றேன்," என்றார். இத்தனை தணிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "நீ வேண்டாம்னு சொன்னா இடிச்சுக்கலாம். எனக்கு வருத்தமில்ல." இது மட்டும் பொய்.

அமிர்தம் மண்டியிட்டு உட்கார்ந்தாள். நல்லதாக இருந்தவற்றைப் பொறுக்கி முந்தானையில் போட ஆரம்பித்தாள். ஒரு மொச்சையை எடுத்து அதன் வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"விரிசல் வுட்டதும், இந்த எடம் எங்கள ஏத்துக்கலன்னு நெனச்சேன்க்கா," என்றாள். "அங்க எல்லாத்தயும் வுட்டுட்டு வந்து, இங்க ஒண்ணும் வெளங்காதுன்னுதான் பயந்துகினு இருந்தேன்."

மொச்சையை என் உள்ளங்கையில் வைத்தாள். ஈரமாக, சில்லென்று இருந்தது.

"மண்ணு இல்ல, வெளிச்சம் இல்ல. சுவத்துக்குள்ளயே மொளச்சிருக்குது பாருங்க. வெளிய மொளைக்காதா?"

முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இது வாடுவதற்குள் வீட்டுக்குப் பின்னால் மண்ணைக் கொத்தித் தரச் சொல்லி மேஸ்திரியிடம் சொன்னாள். பின்பக்கம் போக வீட்டைச் சுற்றிக்கொண்டு நல்ல வழி இருந்தது. அவள் அந்த வழியாகப் போகவில்லை. வலது காலை எடுத்து வைத்து வாசக்காலைத் தாண்டி, கூரையில்லாத வீட்டுக்குள் நடந்து, பின்பக்கம் போனாள்.