பதினோராம் நாள்

குவானோ சிகுசா கட்டம் போட்ட தாளில் எட்டுப் பல்கலைக்கழகங்களின் சமூகவியல் துறைகளை வரிசையாக எழுதியிருந்தாள். ஒவ்வொன்றும் கேட்கும் சராசரி மதிப்பெண், ஆங்கிலத் தேர்வின் நிலை, கட்டுரை உண்டா, நேர்காணல் உண்டா என நான்கு பத்திகள். முப்பத்தேழு ஆண்டு ஆசிரியப் பணியில் ஒரு மாணவி தானே தயாரித்த அவ்வளவு ஒழுங்கான ஒப்பீட்டை நான் பார்த்ததில்லை. வகுப்பாசிரியர் என்ற முறையில் அதில் சேர்க்க எனக்கு ஒன்றுமில்லை என்றே நினைத்தேன். ஐந்தாவதாக ஒரு பத்தி விடுபட்டிருந்ததை நானும் கவனிக்கவில்லை.

முதல் வரிசையில் இருந்தது கியோத்தோவின் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று. எங்கள் பள்ளிக்கென்று அது ஆண்டுதோறும் ஓர் இடம் ஒதுக்கும். பள்ளிக் குழு யாரைப் பரிந்துரைக்கிறதோ அவருக்கு இடம் உறுதி. நுழைவுத் தேர்வு கிடையாது. அதன் கையேட்டில், நோயாளியை வீட்டில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றி ஆய்வு செய்யும் பேராசிரியை ஒருவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஓரம் அழுக்கேறும் அளவுக்குச் சிகுசா அந்தப் பக்கத்தைப் படித்திருந்தாள். மற்ற ஏழு துறைகளும் ஒரு முன்னெச்சரிக்கைக்காகத்தான்.

செப்டம்பர் இறுதியில் விண்ணப்ப அறிக்கையைத் தயாரித்தபோதுதான் அந்த நிபந்தனை என் கண்ணில் பட்டது. பள்ளிக்கு வராத நாட்கள் மொத்தம் பத்துக்கு மேல் போகக் கூடாது. சிகுசாவுக்குப் பதினொன்று.

அவற்றில் பத்து நாட்கள் எவை என்று எனக்குத் தெரியும். முந்தைய நவம்பரில் அவளுடைய தாய் மருத்துவமனையில் கிடந்த கடைசிப் பத்து நாட்கள். எங்கள் விதிப்படி தாய் இறந்தபின் எடுக்கும் ஏழு நாட்கள் துக்க விடுப்பு. அவை கணக்கில் வாரா. உயிரோடிருக்கும் தாயின் அருகில் இருந்த நாட்கள் கணக்கில் வரும். இவ்விதியை வகுத்தவர்கள் எவருடைய கட்டிலருகிலாவது உட்கார்ந்ததுண்டா என்ற ஐயம் எனக்கு இன்றும் தீரவில்லை. அது இருக்கட்டும். பதினோராம் நாள் எது?

பழைய வருகைப் பதிவேட்டை எடுத்தேன். நவம்பர் பத்தொன்பது. வரவில்லை என்று என் கையால் போட்ட சாய்கோடு. காரணம், 'வீட்டு வேலை'. அன்று விடியற்காலையில்தான் அவள் தாய் இறந்தார்.

காலை எட்டரைக்கு அவள் தந்தை தொலைபேசியில் பேசியது நினைவுக்கு வந்தது. மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்ப்பவர். "பாடம் ஆரம்பிக்கிற நேரத்துல தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும் சார். வீட்ல கொஞ்சம் வேலை இருக்கு. சிகுசா இன்னிக்கு வரமாட்டா" என்றார். மனைவி இறந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. வகுப்புக்குப் போகிறவரிடம் சாவுச் செய்தி சொல்லி அவர் மனத்தைக் கலக்கலாகாது என்பது எங்கள் ஊர் மரியாதை. மறுநாள்தான் விஷயத்தைச் சொன்னார். நானும் மறுநாளிலிருந்து துக்க விடுப்பு எழுதினேன். முந்தைய நாளைத் திருத்தவில்லை. என் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருந்ததில்லை என்று பெருமை பேசிய ஆள் நான். ஏழு நாளில் சிகுசா எடுத்துக்கொண்டது ஐந்துதான். அந்த நாளையும் துக்க விடுப்பில் சேர்த்தாலும் ஆறு; வராத நாட்கள் பத்தாகிவிடும்.

இதைப் பரிந்துரைக்கும் பள்ளிக் குழுவின் முன் வைத்தேன். துணை முதல்வர் இனாகாகி பதிவேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"போன வருஷத்தது மூடி முத்திரை வெச்சாச்சு. குழு கூடுற வாரத்துல ஒரு நாளை மட்டும் மாத்தினா பல்கலைக்கழகத்துல என்ன நினைப்பாங்க? நம்ம இடத்தையே எடுத்துடுவாங்க. அடுத்து வர்ற பிள்ளைங்களுக்கு நீங்களா பதில் சொல்லப்போறீங்க? மார்ச்சுல ஓய்வு வாங்கிட்டுப் போயிடுவீங்க."

"தப்பு என்னோடது. என் பேர்லயே எழுதிக் கொடுக்கறேன்."

"எழுதிக் கொடுத்தா, இன்னும் எத்தனை நாள் தப்புன்னு கேப்பாங்க."

ஒரு பெண்ணின் உரிமையைவிடப் பள்ளியின் பெயர் பெரிதென்று ஆறு கல்விமான்கள் கூடித் தீர்மானித்தார்கள். இடம் வேறொரு மாணவிக்குப் போயிற்று. அவளும் தகுதியானவளே, அவள்மேல் எனக்குக் குறையில்லை.

சிகுசாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லித் தலை தாழ்த்தினேன்.  அவள் கட்டத்தாளை எடுத்து, அளவுகோல் வைத்து ஐந்தாவது பத்தியைப் போட்டாள். 'வராத நாட்களைக் கேட்கிறார்களா?' மூன்று துறைகள் கேட்டன. அவற்றை அடித்தாள்.

"பொது நுழைவுத் தேர்வுல இதைக் கேக்க மாட்டாங்கல்ல சார்?"

"கேக்க மாட்டாங்க. மார்க் மட்டும்தான்."

"அப்ப அதையே எழுதறேன். ஆனா அந்த நாளை மாத்திடுங்க."

இனி மாற்றிப் பயனில்லை என்று விளக்கத் தொடங்கினேன்.

"தெரியும் சார். சீட்டுக்காகக் கேக்கல. அம்மா செத்தது வீட்டு வேலை இல்ல. அப்பா மரியாதைக்குச் சொன்னாரு. நீங்க அப்படியே எழுதிட்டீங்க."

அக்டோபரிலிருந்து ஐந்து முறை முதல்வருக்கு விண்ணப்பம் எழுதினேன். ஐந்தையும் "இப்ப எதுக்கு சார் இது?" என்று இனாகாகி திருப்பினார். பிப்ரவரியில் சிகுசா தேர்வெழுதினாள். அவள் தாளின் ஏழாவது வரிசையில் இருந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அவள் படிக்க விரும்பிய ஆய்வை அங்கே செய்பவர் எவருமில்லை. 

மார்ச் மாதம், நான் ஓய்வு பெற ஒன்பது நாள் இருக்கையில், ஆறாவது விண்ணப்பத்தில் முதல்வர் முத்திரை வைத்தார். போகிறவனோடு ஏன் வம்பு என்று நினைத்திருக்கலாம்.

திருத்தத்துக்குப் பெற்றோரின் முத்திரையும் தேவை; எங்கள் ஊரில் கையெழுத்துக்குப் பதில் அவரவர் பெயர் முத்திரைதான். சிகுசாவின் தந்தை ஆலைச் சீருடையிலேயே மகளோடு வந்தார். சாய்கோட்டின்மேல் சிவப்பு மையில் இரண்டு கோடுகள் இழுத்து என் முத்திரையைப் பதித்தேன். காரணப் பத்தியில் 'தாயின் மறைவு' என்று எழுதிப் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் அதை நின்றபடியே படித்தார். பின் இடுப்பு வளைய வணங்கி, "எங்களால உங்களுக்கு இவ்வளவு தொந்தரவு, மன்னிக்க..." என்று தொடங்கினார்.

"இதுக்கு மட்டும் மன்னிப்புக் கேக்காதீங்கப்பா" என்றாள் சிகுசா.

அவர் நிமிர்ந்தார். சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்து, 'தாயின் மறைவு' என்பதன் பக்கத்தில் அழுத்தினார்.